ஞாயிற்றுக்கிழமை ராகி

என் வீட்டுக்காரருக்கு முப்பது வயது வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கிழமை இருப்பதே தெரியாது. சந்தை கூடுகிற நாள் தெரியும், திங்கட்கிழமை தெரியும். மற்றதெல்லாம் அவருக்கு ஒரே நாள்தான். காரிமங்கலத்துக்குக் கிழக்கே இரண்டு மைலில் எங்கள் ஊர். எட்டு வயதில் அவரை அங்கே ஒரு பெரிய பண்ணையில் மாடு பார்க்க விட்டார்கள். விட்டதோடு சரி, அப்புறம் யாரும் வந்து கூட்டிப் போகவில்லை.

திங்கட்கிழமை தெரிந்ததற்குக் காரணம் மாடு. எங்கள் பக்கத்தில் திங்கட்கிழமை மாட்டின் கழுத்தில் ஏர் பூட்ட மாட்டார்கள். அது பசவனுடைய நாள், நந்தி சாமியின் நாள். கன்னடம் பேசுகிற குடும்பங்கள் வழியாக வந்த வழக்கம் என்பார்கள். எங்கிருந்து வந்தால் என்ன, மீறுகிறவன் கிடையாது. அன்றைக்கு மாட்டைக் குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சள் பூசி, நிழலில் கட்டிவிடுவார்கள். குளிப்பாட்டுகிறவர் என் வீட்டுக்காரர். மாடு படுத்து அசைபோடும். அதற்குப் புல் இரண்டு கட்டு அதிகம் அறுத்து வருகிறவரும் அவரே. இருபத்திரண்டு வருஷம் இப்படி. மாட்டுக்கு ஒரு நாள் இருந்தது, அவருக்கு இல்லை. இதை அவர் குறையாக ஒருநாளும் சொன்னதில்லை. குறை என்று தெரிந்தால்தானே சொல்வதற்கு.

அப்படிப்பட்டவர் ஒரு சந்தை நாளில், விற்கப் போன புளியை விற்காமலே திரும்பி வந்தார். சந்தையில் ஒரு உபதேசியார் பேசிக்கொண்டிருந்தாராம். கிறிஸ்தவ சபைக்காக ஊர் ஊராக நடந்து பிரசங்கம் செய்கிற ஆள், தெற்கத்திக்காரர். சாமி ஆறு நாள் உலகத்தைச் செய்துவிட்டு ஏழாம் நாள் ஓய்ந்திருந்தது, அதனால் ஆண்டையும் ஓயவேண்டும், ஆளும் ஓயவேண்டும், மாடும் ஓயவேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். இவர் புளிக்கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே நின்று கேட்டிருக்கிறார்.

"ஏ புள்ள, சாமியே ஒரு நாளு சும்மா ஒக்காந்துச்சாம்."

"சாமிக்கு என்னாங்க, வூட்டுல ரெண்டு படி ராகி இருந்திருக்கும். புளி ஏன் அப்படியே வந்துச்சு?"

"ஆளுக்கும் சேர்த்துத்தான் அந்த நாளு. ஆளுன்னு பேரு சொல்லியே சொல்லிருக்குது."

சிலுவை, பரலோகம், பாவமன்னிப்பு எல்லாம் அவருக்குப் பின்னால்தான் வந்தன. முதலில் பிடித்தது அந்த ஒரு நாள். இதைத் தெரிந்துகொள்ளாமல் மற்றதை எழுதினால் அவரைப் பிடிவாதக்காரர் என்று எழுத வேண்டியிருக்கும். பிடிவாதக்காரர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எதைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று தெரியவேண்டும்.

ஒரு வருஷம் உபதேசியார் பின்னால் அலைந்து, அவர் முழுக்கு ஞானஸ்நானம் வாங்கினார். நான் வாங்கவில்லை. எனக்குக் கோபம். அவர் அடுத்த நாளே பண்ணைக்காரரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பண்ணைக்காரர் சிரித்தாராம். "ஏண்டா மாயவா, ஞாயித்துக்கெழம மாடு சாணி போடாதா?"

"போடுமுங்க. மறுநா வந்து அள்ளிக்கறனுங்க."

"மறுநாளும் வராத. போ."

இருபத்திரண்டு வருஷத்துப் பண்ணையம் அந்த ஒரு வார்த்தையில் போனது. வருஷத்துக்கு இத்தனை மூட்டை, ஒரு வேட்டி, ஒரு போர்வை என்று வந்துகொண்டிருந்தது நின்றது. மிஞ்சியது என் அப்பன் எனக்கென்று விட்டுப்போன ஒரு ஏக்கர் மேட்டுக்காடு. கிணறு கிடையாது. வானம் பெய்தால் ராகி, பெய்யாவிட்டால் கல். அந்த ஏக்கர் விளைந்தால்தான் நாங்களும், நான்கு வயது மகள் ராஜாமணியும் வருஷம் முழுக்கக் களி தின்னலாம்.

இது ஜெர்மன்காரனோடு இரண்டாம் தடவை பெரிய சண்டை தொடங்குவதற்கு முந்தைய வருஷம். ஆடி பிறந்து இருபது நாளாகியும் ஒரு துளி இல்லை. கடைசியில் பெய்தது. எப்போது பெய்தது? சனிக்கிழமை சாயங்காலம். வாரத்தில் ஏழு நாள் இருக்கிறதே, அந்த வானத்துக்கு வேறு நாள் கிடைக்கவில்லையா என்று இன்றைக்கும் கேட்பேன்.

செம்மண் காட்டில் ஈரம் எத்தனை நாள் நிற்கும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆடிக் காற்றுக்கு ஒன்றரை நாள். ஞாயிற்றுக்கிழமை உழுது விதைத்தால் உண்டு. திங்கட்கிழமை மாடு பூட்ட ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை மண் ஓடாகிவிடும்.

எங்களிடம் ஒரு மாடு, காளியப்பனிடம் ஒரு மாடு. இரண்டையும் சேர்த்தால்தான் ஒரு ஏர். காளியப்பன் எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன். என் வீட்டுக்காரரும் அவனும் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டு ஆயுசுக்கும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்தவர்கள். விடியும்போதே ஏரைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். இவர் குளித்து, துவைத்த வேட்டி கட்டி, ஜெபவீட்டுக்குக் கிளம்பி நின்றார்.

"என்ன மச்சான், மாப்பிள்ள மாதிரி நிக்கற? எவ காட்டுல தாலி கட்டப் போற?"

"இன்னிக்கு நான் ஏர் புடிக்க மாட்டேன் மச்சான். ஞாயித்துக்கெழம."

காளியப்பன் என்னைப் பார்த்தான். நான் இவரைப் பார்த்தேன்.

"சரி, உன் சாமி உன்னோட. உன் மாடு? மாடு இல்லாட்டி என் காடும் காயுமே. என் புள்ளைங்களும் உன் சாமியும் பேசி முடிச்சுக்கட்டுமா?"

அவர் கொஞ்ச நேரம் மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மாடும் ஓயவேண்டும் என்றுதான் உபதேசியார் சொல்லியிருந்தார்; அது அவர் நெஞ்சில் ஓடியிருக்கும். அப்புறம் போய்க் கயிற்றை அவிழ்த்துக் காளியப்பன் கையில் கொடுத்தார்.

"நீ ஓட்டிக்க. உன் காடு காய நான் காரணமா இருக்க மாட்டேன்."

நான் விடவில்லை. "ஏனுங்க, மாடு ஓட்டலாம், நீங்க ஓட்டக் கூடாதா? மாட்டுக்கும் சேர்த்துத்தான அந்த நாளுன்னீங்க?"

"மாடு முழுக்கு வாங்கலியே புள்ள."

"நானுந்தான் வாங்கல!"

கோபத்தில் வந்த வார்த்தை. சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. நான் வாங்கவில்லை. எனக்கு ஞாயிறும் ஒன்று, செவ்வாயும் ஒன்று. காடும் என் அப்பன் காடு. காளியப்பன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "அண்ணா, உன் காடு முடிஞ்சதும் ஏர எங்காட்டுக்குக் கொண்டா. நீ உழு, நான் வெதைக்கறேன்" என்றேன்.

இவர் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், சண்டை போட்டால் மனசு ஆறும். வாசல்படியில் நின்று மெதுவாகச் சொன்னார்: "வெதைச்சுக்க. உன் காடு. ஆனா அதுல வெளையறத நான் தின்ன மாட்டேன்." சொல்லிவிட்டு ஜெபவீட்டுக்குப் போய்விட்டார்.

பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். வயிறு காய்ந்தால் வார்த்தை வளையும் என்று எண்ணினேன். என் வீட்டுக்காரரை எனக்கே தெரியவில்லை.

காளியப்பன் தன் காட்டை முடித்து வரும்போது உச்சி சாய்ந்துவிட்டது. இருட்டுவதற்குள் பாதிக் காட்டுக்கு மேல் முடித்தோம். அவன் உழுதான், நான் விதைத்து, கருவேல முள்ளைக் கட்டி இழுத்து மூடினேன். நாங்கள் கடைசிச் சாலில் இருந்தபோது இவர் ஜெபவீட்டிலிருந்து அந்த வழியாகத்தான் வந்தார். வரப்பிலே நின்றார், ராஜாமணியைத் தூக்கிக்கொண்டார், போய்விட்டார். இரண்டு கையும் காலும் உள்ள மனிதன்! எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

திங்கட்கிழமை விடியும்போதே அவரைக் காணோம். போய்ப் பார்த்தால், உழாமல் கிடந்த பக்கத்தில் மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருக்கிறார். மாடு நிழலில் படுத்திருக்கிறது, இவர் மாட்டுக்குப் பதிலாக நிற்கிறார். போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று பார்த்தார்கள். "மாயவனுக்கு மஞ்சள் பூசி விடுங்கடா, இன்னிக்குத் திங்கக்கெழம" என்று ஒருத்தன் சொல்ல, வரப்பெல்லாம் சிரிப்பு. இவர் தலையைத் தூக்கவே இல்லை. பொழுது சாயும்வரை கொத்தியதில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் ஆனது. அதிலே விதைத்து மூடினார். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டது. வேப்பெண்ணெய் போட்டுவிட்டேன். போட்டுக்கொண்டே திட்டினேன். எண்ணெயையும் திட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

என் பக்கம் நெருக்கமாக முளைத்து வந்தது. அவர் பக்கம் வழுக்கைத் தலை மாதிரி அங்கொன்றும் இங்கொன்றும். ஊருக்கு வேறு வேலை இல்லை, இதற்கு ஞாயிறு ராகி என்றும் அதற்குத் திங்கள் ராகி என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். கார்த்திகையில் அறுத்தோம். என் பக்கத்து ராகி குதிரின் கழுத்துவரை வந்தது. அவர் பக்கத்து ராகி ஒரு பானைக்குள் அடங்கிவிட்டது. அந்தப் பானையை மூலையில் தனியாக வைத்தார்.

"இது எனக்கு. உனக்கும் புள்ளைக்கும் குதிரு."

அன்றைக்கு முதல் ஒரே அடுப்பில் இரண்டு சட்டி. ஒரு வீட்டில் புருஷன் ஒரு களி, பெண்டாட்டி ஒரு களி தின்றதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் தின்றேன். ராஜாமணி என் தட்டிலிருந்து ஒரு உருண்டையை எடுத்துக்கொண்டு போய் அப்பன் வாயில் திணிக்கும். அவர் அதை வாங்கித் திரும்ப அதன் வாயிலேயே ஊட்டிவிடுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம், அந்த உபதேசியார் சந்தைக்கு வந்த வழியில் காலில் முள் தைத்துத் திரும்பிப் போயிருக்கக் கூடாதா என்று நினைப்பேன்.

அவர் தன் பானையை நீட்டிப் பிடிக்கப் பார்த்தார். ஒரு நாளைக்கு ஒரு வேளை. மற்ற வேளைக்குக் கீரை, கூலிக்குப் போன இடத்தில் கொடுக்கும் கூழ். தருமபுரி ரோட்டுக்கு அப்போது ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள், அங்கே போய்வந்தார். தை பாதியில் அவர் முதுகில் எலும்பை எண்ணலாம். ஒருநாள் ஜல்லி உடைக்கிற இடத்தில் சம்மட்டியோடு கீழே விழுந்துவிட்டார். இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள்.

அவர் தூங்கியதும் நான் அந்தப் பானையைத் திறந்து பார்த்தேன். அடியில் ஒரு கை ராகி இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. குதிரிலிருந்து இரண்டு படி அள்ளி அந்தப் பானையில் கொட்டினேன்.

கொட்டியதற்காக நான் வெட்கப்படவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெட்கப்படுவது வேறு ஒன்றுக்கு. கொட்டியவள் கணக்காகக் கொட்டியிருக்க வேண்டும். நாளாக ஆகக் குறைகிற மாதிரி விட்டிருக்க வேண்டும். நானோ எடுக்க எடுக்க அதே அளவுக்கு நிரப்பிவைத்தேன். ஆண்பிள்ளை பானைக்குள் கையை விட்டுப் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் பார்த்திருக்கிறார். வாரத்துக்கு வாரம் பார்த்திருக்கிறார்.

உபதேசியார் அந்த மாசியில் ஜெபவீட்டில் ஒரு கதை சொல்லியிருக்கிறார். பஞ்ச காலத்தில் ஒரு ஏழை விதவை, கடைசிப் பிடி மாவை ஒரு தீர்க்கதரிசிக்கு அடை சுட்டுக் கொடுத்தாள், அதற்கப்புறம் அவள் வீட்டுப் பானையில் மாவு குறையவே இல்லை என்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் எழுந்து நின்றிருக்கிறார். வாயைத் திறக்காத மனிதர். ஒரே பானை ராகி, மூன்று மாதமாகத் தின்கிறேன், ஒரு மாதமாக அளவு அப்படியே நிற்கிறது, ஆண்டவருடைய நாளை நான் விட்டுக்கொடுக்கவில்லை, அவர் என்னை விட்டுக்கொடுக்கவில்லை என்று சொல்லி அழுதாராம்.

வீட்டுக்கு வந்து என்னிடமும் சொன்னார். அவர் முகத்தில் நான் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. என் கையில் மாவு ஒட்டியிருந்தது. சிரித்துவைத்தேன். என்ன செய்வது, சொல்லுங்கள்? நான் கொட்டினேன் என்றால் அந்த முகம் போகும், அதோடு அவர் சாப்பாடும் போகும். சொல்லாவிட்டால் ஒன்றும் போகாது என்று கணக்குப் போட்டேன்.

போகத்தான் போனது. மறுநாளே உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். பானையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தங்கச்சி, இந்தப் பானையைக் கழுவிராதேயும். துரைக்கு எழுதியாச்சு. சித்திரையில அவுகளே வந்து பாக்கப் போறாக" என்றார். துரை என்றால் தருமபுரியில் இருந்த வெள்ளைக்காரப் போதகர். ஒரு பானைப் பொய்யை மறைக்க இன்னும் எத்தனை பானை நிரப்புவேன்?

அதற்கும் மேலே, பங்குனி வெயிலில் ஒரு பெண் வந்தாள். வத்தல்மலை அடிவாரத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். முனியாயி என்று பெயர். இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை, உடம்பு அனல். ஏழு நாள் காய்ச்சலாம்.

"ஆத்தா, உங்க வூட்டுப் பானையில சாமி இருக்குதாமே. ஒரு புடி மாவு குடு. கரைச்சு ஊத்தறேன்."

"அம்மாடி, அது வெறும் ராகி. நீ இப்படியே பஸ் ஏறித் தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போ."

"குடுக்க மனசில்லாட்டி இல்லைன்னு சொல்லு. வெறும் ராகின்னு ஏன் சொல்லற?"

"வெறும் ராகிதான். நான்தான் கொட்டினேன், இந்தக் கையால!"

முதல்முதலாக நான் உண்மையைச் சொன்னது அவளிடம்தான். அவள் நம்பவில்லை. மண்ணைத் தூற்றிவிடுவாள் போல என்னைப் பார்த்தாள். ஊரெல்லாம் பரவிய பொய்யை நம்புகிறார்கள், செய்தவளே சொல்கிற உண்மையை நம்புவதில்லை. கடைசியில் ஒரு படி ராகியை முந்தானையில் கட்டிக் கொடுத்து, காளியப்பனைக் கூடவே அனுப்பி அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன். பிள்ளை பிழைத்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். பிழைத்தது ஆஸ்பத்திரியால். அதற்கும் மாவுதான் காரணம் என்று ஜெபவீட்டில் பேசிக்கொண்டார்கள்!

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

"தை மாசத்துல இருந்து நீங்க தின்னது குதிருல இருந்து எடுத்தது. உங்க பானை அப்பவே காலி. நான்தான் கொட்டினேன்."

அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது. "எத்தனை நாளு?" என்றார்.

"நீங்க விழுந்த நாளுல இருந்து."

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் திருப்பித் திட்ட எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு ஜெபவீட்டுக்குப் போனார். நான் ராஜாமணியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். உள்ளே போக எனக்கு உரிமை இல்லை, வாசலில் நின்றேன்.

பாட்டு முடிந்ததும் அவர் எழுந்தார். "ஐயா, போன மாசம் நான் ஒன்னு சொன்னனுங்க. அது நடக்கலைங்க. என் வூட்டுக்காரி எனக்கு ஒளிச்சு ராகி கொட்டிருக்கறா. பானை தானா நெறையலைங்க."

பின்னாலிருந்து ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். உபதேசியார் முகம் வெளுத்துவிட்டது.

"உக்காரும் மாயவன். ஆண்டவர் உம்ம பொஞ்சாதி கையை அசைச்சார்னு வச்சுக்கிடும். அதுவும் அற்புதந்தான்."

"இருக்கலாமுங்க. ஆனா நான் சொன்னது அது இல்லீங்களே. நீங்க தொரைக்கு எழுதுனத மாத்தி எழுதிருங்க."

"அதெப்படிவே, போன காயிதம் போயாச்சு. இதுக்கெல்லாம் மூலம் என்ன தெரியுமா? நீர் அன்னைக்கு ஏர் பிடிக்காததுதான். மழை பெஞ்ச ஞாயித்துக்கெழம வெதைச்சா ஒண்ணும் குத்தமில்ல. மாடு குழியில விழுந்தா ஓய்வுநாள்லயும் தூக்கி விடலாம்னு ஆண்டவரே சொல்லியிருக்காரே."

வாசலில் நின்ற எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. "இத ஆடி மாசமே சொல்லிருக்கக் கூடாதாய்யா? ஒரு மனுசன் எலும்பும் தோலுமா ஆனப்பறமா சொல்றது?" என்று கத்தினேன். ராஜாமணி பயந்து அழுதது. ஜெபவீடு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

என் வீட்டுக்காரர் மட்டும் திரும்பவில்லை. உபதேசியாரிடம் அதே குரலில் சொன்னார்: "ஆடியிலேயே சொல்லிருந்தாலும் நான் ஓட்டிருக்க மாட்டனுங்க. அந்த நாளு எனக்குக் குடுத்தது. அத மறுபடியும் ஏருக்குக் குடுக்க எனக்கு மனசு வரலைங்க."

மாற்றி எழுதுவதாக உபதேசியார் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் மறுநாள் விடியும்போதே இவர் தருமபுரிக்கு நடந்தார். துரையிடமே நேரில் சொல்லப் போனார். துரை வெயிலுக்குப் பயந்து ஏதோ மலைக்குப் போயிருந்தாராம். அங்கிருந்த குமாஸ்தா, "சரிப்பா, சொல்லிடறேன்" என்று அனுப்பிவிட்டான். சொன்னானோ இல்லையோ, யார் கண்டது? பொய்யைச் சொன்னபோது வீடு தேடி வந்தார்கள். உண்மையைச் சொல்லப் போன மனிதனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்க ஆளில்லை. அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு வந்த மூன்று குடும்பங்கள் ஜெபவீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டன. அந்தப் பழியும் இவர் தலையில்தான் விழுந்தது. ஊரில் அவருக்கு மாவுப்பானை என்றே பெயராகிவிட்டது. காளியப்பன் மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டவன் ஒருத்தனைச் செருப்பால் அடித்தான் என்றும் கேள்வி.

தருமபுரியிலிருந்து அவர் திரும்பியபோது பொழுது இறங்கிவிட்டது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நான் அடுப்பில் ஒரே சட்டிதான் வைத்திருந்தேன். இனிமேல் இரண்டு சட்டி வைப்பதில்லை, தின்றால் தின்னட்டும் இல்லாவிட்டால் இரண்டு பேரும் பட்டினி கிடப்போம் என்று முடிவு செய்துவிட்டேன்.

கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். களியைத் தட்டில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம ராகியா?"

"வேற ஏது?"

கண்ணை மூடி ஜெபம் செய்தார். ஒவ்வொரு நாளும் செய்வதைவிட நீளமாகச் செய்தார். பிறகு ஒரு உருண்டை பிய்த்துக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டார்.

"ரெண்டு மாசமா தின்னுட்டேன். இப்ப வேண்டாம்னா அது வீறாப்பு, பக்தி இல்ல" என்றார்.

"அப்ப அடுத்த ஆடியில ஞாயித்துக்கெழம பேஞ்சா ஏர் புடிப்பீங்களா?"

"மாட்டேன்."

"நான் வெதைச்சா?"

"வெதைச்சுக்க."

"அதத் தின்பீங்களா?"

"போட்டாத் தின்பேன்."

"இது என்ன நியாயம்?"

"எனக்குத் தெரியல புள்ள."

இவ்வளவுதான் பதில். அதற்கப்புறம் எட்டு வருஷம் இருந்தார். எட்டு வருஷத்திலும் இதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. அவருக்குள் என்ன ஓடியது என்று தெரியாமலே அவரோடு குடும்பம் நடத்தினேன்.

இரண்டு வருஷம் கழித்து நானும் முழுக்கு வாங்கினேன். அவரைப் பார்த்து மனம் திரும்பினாள் என்று சபையில் சொல்லிக்கொள்கிறார்கள். அப்படியே எழுதிக்கொள்ளட்டும், பாதி உண்மை அது. தன்னைப் புகழ்கிற பொய்யைத் தானே போய் உடைக்கிற ஒரு மனிதனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவரை அப்படி ஆக்கிய சாமியிடம் எனக்கும் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. மீதிப் பாதி சண்டை போடத்தான். வெளியே நின்று கத்துவதைவிட உள்ளே உட்கார்ந்து கத்தலாமே.

ஆனால் மழை பெய்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காட்டுக்குத்தான் போனேன். அந்த எட்டு வருஷத்தில் அப்படி இரண்டு ஞாயிறு வந்தது. சண்டைக் காலம், அரிசி கண்ணில் படாது, ராகி ஒன்றுதான் உயிர். இரண்டு தடவையும் காளியப்பன் உழுதான், நான் விதைத்தேன். இரண்டு தடவையும் உபதேசியார் சபைப் பதிவிலிருந்து என் பெயரை அடித்தார். மழைக்கு விதைத்தால் குற்றமில்லை என்று சொன்ன அதே வாய்தான். கேட்டால், முழுக்கு வாங்குவதற்கு முன்னால் வேறு, வாங்கிய பிறகு வேறு என்றார். போய்யா என்று வந்துவிட்டேன். இரண்டு தடவையும் சில வாரத்தில் பெயர் திரும்பவும் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. உபதேசியாருக்கே வெட்கமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சுதந்திரம் வந்த வருஷம் ஐப்பசியில் என் வீட்டுக்காரர் விஷக்காய்ச்சலில் போய்விட்டார். அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு உபதேசியார் என்னிடம் வந்தார். கிழவராகிவிட்டார் அப்போது.

"தங்கச்சி, உம்ம பேரை அடிச்ச ரெண்டு தடவையும் அவருதான் வந்து நின்னாரு. ரெண்டாந்தடவை நான் கேட்டேன். மாயவன், உம்ம பொஞ்சாதி செஞ்சது சரியா தப்பா, நீரே சொல்லும்னு. அதுக்கு அவரு, எனக்குத் தெரியலைங்க ஐயா, ஆனா அவ வெதைச்ச ராகியத் தின்னுட்டுத்தான் உங்க முன்னால வந்து நிக்கறேன், அடிச்சா ரெண்டு பேரையும் சேர்த்து அடிச்சிருங்கன்னாரு. நான் என்ன செய்ய?"

எட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்து இதை ஒரு வார்த்தை என்னிடம் சொன்னாரா அந்த மனிதர்? சொல்லவில்லை. மண் போட்டு மூடிய பிறகு, இன்னொருத்தர் வாயால் கேட்டுத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.